கையறிவும் பதிவேடும்: ஈழத்துச் சுதேச வைத்தியர் பதிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

திருக்கோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையில் அமைந்துள்ள சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர் பெற்ற இவ்வூரின் முதன்மையான தொழில் மீன்பிடித்தல். கரைவலை இழுப்போர்க்குத் தோள் சுளுக்குதலும், தோணி தள்ளுவோர்க்கு இடுப்புப் பிடித்தலும், பாறையிற் கால் வழுக்குவோர்க்கு எலும்பு நெரிதலும் புதியனவல்ல. இத்தகைய கரையூர்களில் நோ எண்ணெய் பூசித் தடவுபவர், சுளுக்கு வழிப்பவர், முறிவு நெரிவு பார்ப்பவர், பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பவர் எனப் பலர் தலைமுறை தலைமுறையாகப் பணிசெய்து வந்துள்ளனர். அவர்தம் அறிவிற் சிறிதளவே ஏட்டில் இருந்தது. பெரும்பகுதி கையிலேயே இருந்தது.

இந்தக் கையறிவை அரசு எவ்வாறு நோக்கியது? யாரைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது? யாரை வெளியே நிறுத்தியது? இவை பழங்கதை பற்றிய வினாக்கள் அல்ல. உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்கும் கரையோரங்களில் உடம்பு பிடிக்கும் நிலையங்களும் யோகாசன வகுப்புக்களும் பெருகிவிட்ட இக்காலத்தில், அவற்றை நடத்துவோர்க்குத் தகுதி உண்டா, அத்தகுதியை அளப்பவர் யார் என்ற வழக்கு உலகெங்கும் எழுந்துள்ளது. இவ்வழக்கிற்கு இலங்கையின் சட்ட வரலாறு தன்னுள்ளே ஒரு நல்ல விடையைக் கொண்டிருக்கின்றது. அவ்விடையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசுக்கு முன்னிருந்த ஒழுங்கு

அரசாங்கப் பதிவேடு தோன்றுவதற்கு முன்னர் வைத்தியத் தொழிலில் ஒழுங்கே இருந்ததில்லை என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள், தமிழ் வைத்தியம் அரசவையின் ஆதரவோடு வளர்ந்ததற்குச் சான்று பகர்வன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் அச்சேற்றியமையால் அது இன்றும் கற்பார்க்குக் கிடைக்கின்றது. ஆயினும் ஊர்தோறும் வைத்தியம் பார்த்த பரியாரியார் அனைவரும் இந்நூல்களை முற்றக் கற்றவர் அல்லர். தந்தையிடமோ குருவிடமோ பல ஆண்டு உடனிருந்து, மருந்து இடித்தும், எண்ணெய் காய்ச்சியும், நோயாளியைப் பிடித்திருந்தும் பயின்றவரே பலர். செய்முறை கைவந்தபின்னரே குரு தனித்து வைத்தியம் பார்க்க விடைகொடுப்பார். அவ்விடையே அக்காலத்துச் சான்றிதழ்.

இதற்கு அடுத்த காவல் ஊராரின் நினைவு. ஒருவர் கட்டிய கால் நேராகக் கூடியதா கோணியதா என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்த செய்தி. கை கோணிய பிள்ளையைக் கண்டவர் மறுமுறை வேறொரு பரியாரியாரை நாடுவர். வைத்தியரும் நோயாளியும் ஒரே கோயில் வீதியில் நாளும் சந்திப்பவர்கள் ஆதலின், வஞ்சனைக்கு இடம் குறைவு.

எனினும் இவ்வொழுங்கின் குறைகளை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. முறிந்த கைக்கு மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டியபோது இரத்தவோட்டம் தடைப்பட்டு விரல்கள் கருகிய நிகழ்ச்சிகளை மருத்துவமனைகள் நன்கறியும். ஊராரின் நினைவு, தவறு நேர்ந்தபின் எச்சரிப்பதேயன்றி முன்னதாகத் தடுப்பதன்று. மேலும், மணிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழ் வாயிலாகவே மேனாட்டு வைத்தியத்தைப் போதித்தார். அவ்வாறிருந்தும் எலும்பின் அமைப்பைத் தமிழிற் கற்றோரும் எலும்பைத் தொட்டுச் சேர்ப்போரும் இருவேறு கூட்டத்தினராகவே நின்றனர். இப்பிரிவு பின்வந்த சட்டங்களிலும் நிழல்போலத் தொடர்ந்தது.

குடியேற்ற ஆட்சியின் பதிவேடு

பிரித்தானிய ஆட்சி முதலிற் பதிவு செய்தது மேனாட்டு வைத்தியரையே. 1905 ஆம் ஆண்டிற் பிறந்த மருத்துவப் பதிவுச் சட்டமும், அதனை விரித்து 1927 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமும் கல்லூரிப் பட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. மருத்துவர், பல்வைத்தியர், மருந்தாளர், மருத்துவமாது என்னும் வகைகள் அவற்றில் இடம்பெற்றன. இவ்வகைகளுள் மருத்துவமாதின் வரலாறு ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. கொழும்பிலே 1879 ஆம் ஆண்டில் டி சொய்சா பிள்ளைப்பேற்று மனை அமைந்தபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதர் பெருகினர். தாய்சேய் இறப்பும் காலப்போக்கில் வெகுவாகக் குறைந்தது. இது பதிவு முறையின் பெருவெற்றி. ஆனால் ஊர் மருத்துவிச்சி பிள்ளைப்பேற்றோடு சேர்த்துச் செய்துவந்த எண்ணெய் தேய்ப்பு, வயிறு கட்டுதல், நாற்பத்தொரு நாட் பராமரிப்பு என்பன எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆபத்து நிறைந்த பகுதியை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆறுதல் தரும் பகுதி பெயரற்றுப் போயிற்று.

1920 ஆம் ஆண்டுகளிற் சுதேசிய உணர்ச்சி மேலோங்கவே, நாட்டு வைத்தியத்திற்கும் அரசின் ஆதரவு வேண்டுமென்ற குரல் சட்ட நிரூபண சபையில் எழுந்தது. அவ்வகையில் முன்னின்றவருள் தமிழ் உறுப்பினரான கே. பாலசிங்கம் குறிப்பிடத்தக்கவர். இதன் பயனாக 1929 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10 ஆம் நாள் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி என்னும் மூன்றும் அங்கே போதிக்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்திற் சென்னை மாகாணத்திலும் உஸ்மான் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து இந்திய வைத்தியப் பாடசாலை தோன்றியமை ஒப்புநோக்கத்தக்கது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே எண்ணம் ஒரே காலத்தில் அரும்பிற்று.

கல்லூரி தோன்றிய பின் பதிவேடும் தோன்றவேண்டுமன்றோ? 1941 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டம் அதனைச் செய்தது. சுதேச வைத்திய சபை என்னும் சட்டபூர்வமான அமைப்பு நிறுவப்பட்டது. நாட்டு வைத்தியர் பெயர்களைப் பதியும் முறை தொடங்கிற்று. கல்லூரியிற் படித்துத் தேறியவர் ஒருபுறம். பரம்பரையாகத் தொழில் பார்த்தவர் மறுபுறம். இவ்விருவரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி இதுவேயாகும். பரம்பரை வைத்தியரைப் பதியாது விடின் நாட்டுப்புறத்திற் பெரும்பான்மை மக்களுக்கு வைத்தியரே இல்லாமற் போவர். பதிந்தால் அவர்தம் தகுதியை அளக்க வழி வேண்டும். இந்த இக்கட்டிலிருந்தே இலங்கைச் சட்டத்தின் தனித்தன்மை பிறந்தது.

1961 ஆம் ஆண்டுச் சட்டம்

1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் முன்னைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஆயுர்வேதத் திணைக்களமும் ஆணையாளர் பதவியும் இதன்வழி அமைந்தன. பதிவுக்கும் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக்குமாக ஆயுர்வேத மருத்துவச் சபை ஏற்பட்டது. கல்லூரி, மருத்துவமனை, ஆராய்ச்சி என்பவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள் வகுக்கப்பட்டன. இச்சட்டம் ஆயுர்வேதம் என்னும் சொல்லுக்கு வகுத்த பொருள் மிக விரிந்தது. சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஆசிய நாடுகளுக்கு உரியதாய் அந்நாட்டு அரசுகளால் ஏற்கப்பட்ட பிற வைத்திய முறைகளும் அச்சொல்லுள் அடங்கும். தமிழரின் சித்த வைத்தியம் ஆயுர்வேதம் என்னும் பெயருள் மறைந்துவிட்டதே என்று வருந்துவாரும் உளர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் பாதுகாப்பின் எல்லை விரிந்தது என்பதும் உண்மை.

இச்சட்டத்தின் கீழ் வளர்ந்த பதிவு முறையிற் காணப்படும் ஒரு பாகுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை. பரம்பரை வைத்தியர் எல்லா நோய்க்கும் வைத்தியம் பார்க்கும் பொது வைத்தியராகவும் பதியப்படலாம். ஒரு துறையில் மட்டும் வல்ல சிறப்பு வைத்தியராகவும் பதியப்படலாம். முறிவு நெரிவு, பாம்புக்கடி விடம், கண் நோய், தீப்புண், கட்டி புண்கள், விசர்நாய்க்கடி, மனநோய் என்பன அவ்வாறு வகுத்த சிறப்புத் துறைகளாம். பல ஆண்டு குருவிடம் பயின்றமைக்கும் ஊரில் தொழில் பார்த்தமைக்கும் சான்று காட்டி, சபையின் பரீட்சைக்கு உட்பட்டு, அவ்வத்துறைக்கு மட்டும் ஒருவர் பதிவு பெறுகின்றார்.

இப்பாகுபாட்டின் நுட்பம் எளிதிற் புலப்படுவதன்று. மேனாட்டுப் பதிவு முறை, ஒருவர் வைத்தியரா அல்லரா என்று மட்டும் கேட்கும். இம்முறையோ, இவர் எதற்கு வைத்தியர் என்று கேட்கின்றது. எலும்பைச் சேர்க்கத் தெரிந்தவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கத் தெரிந்தவராக நடிக்கத் தேவையில்லை. காய்ச்சல் மருந்து தெரியாதென்பதால் அவருடைய எலும்பறிவும் தள்ளுண்பதில்லை. அறிவின் எல்லையே உரிமையின் எல்லை. ஊர் மக்கள் நெடுங்காலமாக இவ்வாறே வைத்தியரைப் பாகுபடுத்தி வந்தனர். கண்ணுக்கு ஒருவர், கடிக்கு ஒருவர், முறிவுக்கு ஒருவர் என்று அவர்கள் அறிந்திருந்த வழக்கைச் சட்டம் தனதாக்கிக் கொண்டது.

எனினும் ஒரு குறை தங்கிவிட்டது. சட்டம் கருதியோர் மருத்துவர், மருந்தாளர், தாதியர் ஆவர். நோயைத் தீர்ப்பதாகக் கூறாது, உடம்பைப் பிடித்து அலுப்பைப் போக்குபவரும், ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்பிப்பவரும் இவ்வகைகளுள் அடங்கார். அந்நாளில் அவர்களைப் பற்றி எண்ணவேண்டிய தேவையும் எழவில்லை. பின்னாளில் எழுந்த சிக்கல்கள் யாவும் இந்த இடைவெளியிலேயே முளைத்தன.

பாரதத்தின் வழி

அயல்நாடாகிய பாரதம் வேறுவழி சென்றது. 1970 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய சபைச் சட்டம் கல்லூரிப் பட்டத்தையே தகுதியின் அளவுகோலாக்கிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் பார்த்தவர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இதனாற் பரம்பரை வைத்தியர் என்னும் குலம் ஒரு தலைமுறைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளப்பட்டதேயன்றி, தொடர்ந்து வாழ இடம்பெறவில்லை. கேரளத்துப் பரம்பரை வைத்தியர் தொடுத்த வழக்கில், ஏற்கப்பட்ட தகுதியில்லாதோர் வைத்தியத் தொழில் நடத்தலாகாது என 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் உயிர்க்காப்பு அத்தீர்ப்பின் அடிப்படை. அதனை எளிதாகக் குறைகூற இயலாது. ஆயினும், தந்தையிடம் வர்மமும் தடவுமுறையும் கற்ற இளைஞன் சட்டத்தின்முன் எவ்வகைப் பெயரும் இல்லாதவனாகின்றான் என்பதும் மறுக்கவொண்ணாதது.

யோகத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. பாரத அரசு 2014 ஆம் ஆண்டு நவம்பரில் ஆயுஷ் அமைச்சகத்தைத் தனியே அமைத்தது; அப்பெயரின் ஓரெழுத்து யோகத்தையும் இயற்கை மருத்துவத்தையும் குறிப்பது. அதே ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21 ஆம் நாளை அனைத்துலக யோக தினமாக ஏற்றது. தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவத்தையும் யோகத்தையும் பட்டப்படிப்பாகப் போதிக்கும் அரசுக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் உண்டு. ஆயினும் 2020 ஆம் ஆண்டில் இந்திய முறை மருத்துவத்துக்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டபோது ஆயுர்வேதம், யூனானி, சித்தம், சோவா ரிக்பா என்பன சேர்க்கப்பட்டன, யோகம் சேர்க்கப்படவில்லை. யோக ஆசிரியர்க்குச் சான்றளிக்கும் வாரியம் 2018 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டபோதிலும் அச்சான்று விரும்பிப் பெறுவதேயன்றிக் கட்டாயமன்று. யோகம் மருத்துவமா, கல்வியா, ஆன்ம சாதனையா என்ற வினாவிற்கு அரசுகளே விடை காணாது தயங்குகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருக்கோணமலையிலிருந்து வேர்ஜீனியாவுக்கு

இத்தயக்கத்தின் காரணத்தை அறியத் திருக்கோணமலையோடு தொடர்புடைய ஒரு வரலாறு துணைபுரியும். யோகத்தைத் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வைத்து விரித்தார். அங்கே இயமமும் நியமமும் முன்நிற்க, ஆசனம் அவற்றின் பின் வருவது. அது பிறவிப்பிணி நீக்கும் நெறியன்றி இடுப்புவலி தீர்க்கும் உபாயமன்று. இருபதாம் நூற்றாண்டிலே நிலைமை மாறிற்று. சுவாமி குவலயானந்தர் 1924 ஆம் ஆண்டில் லோனாவ்லாவிற் கைவல்யதாமத்தை நிறுவி ஆசனங்களின் பயனை ஆய்வுகூடத்தில் அளக்கத் தொடங்கினார். சாதனை சிகிச்சையாக உருமாறிய இடம் இது. சிகிச்சை என்றால் அரசு உட்புகும்.

இருடிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் சீடராகிய சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்தவர். 1953 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அவர், திருக்கோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தெய்வீக வாழ்க்கைச் சங்கப் பணியை நடத்தினார். 1966 ஆம் ஆண்டில் மேனாடு சென்றவர் நியூயோர்க்கில் யோக நிலையம் அமைத்தார். 1969 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வூட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கி உரையாற்றினார். பின்னர் வேர்ஜீனியா மாநிலத்தின் பக்கிங்காம் பகுதியில் அவருடைய யோகவில் ஆசிரமம் எழுந்தது. 1986 ஆம் ஆண்டில் அங்கே தாமரை வடிவக் கோயில் திறக்கப்பட்டது.

அதே வேர்ஜீனியா மாநிலத்திற்றான் யோக ஆசிரியர் பயிற்சிக்கு அரசு அனுமதி வேண்டுமா என்ற வழக்கு 2009 ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏறிற்று. யோக ஆசிரியரைப் பயிற்றும் நிலையங்களைத் தொழிற்கல்வி நிலையங்களாகக் கொண்டு, அவை அனுமதியும் கட்டணமும் செலுத்தவேண்டுமென மாநில உயர்கல்விச் சபை பணித்தது. கற்பித்தல் பேச்சுரிமையின் பாற்படும் என்று ஆசிரியர்கள் வாதிட்டனர். வழக்கு முற்றுமுன்னரே 2010 ஆம் ஆண்டிற் சட்டமன்றம் யோக ஆசிரியர் பயிற்சிக்கு விலக்களித்துச் சட்டமியற்றியது. உரிமை வென்றது, ஆனால் தகுதியை அளப்பவர் யார் என்ற வினா அப்படியே நின்றது. அவ்விடத்தை 1999 ஆம் ஆண்டில் தோன்றிய யோகக் கூட்டணி என்னும் தனியார் அமைப்பு நிரப்பிவருகின்றது. இருநூறு மணிநேரப் பயிற்சி என்ற அதன் அளவுகோல் இன்று உலகெங்கும் செலாவணியாகின்றது. குருவிடம் பன்னாட் பயின்று கைவந்தபின் விடைபெற்ற பழைய முறையை இந்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டு நோக்குவார் சிந்திக்க நிரம்ப உண்டு.

பிறநாட்டு முறைகள்

தொட்டுச் செய்யும் தொழில்களைப் பிறநாடுகள் ஒழுங்கு செய்த வகைகள் மூன்றை இங்கே சுருக்கமாக நோக்கலாம்.

முதலாவது இங்கிலாந்து. எலும்பு மூட்டுக்களைக் கையாற் சீர்செய்யும் இருவகைத் தொழிலாளரான ஒஸ்தியோபதியர்க்கும் கைரோபிரக்ரிக் வல்லுநர்க்கும் 1993, 1994 ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் பிறந்தன. 2000 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபையின் குழுவொன்று துணை மருத்துவ முறைகளை மூன்று தொகுதிகளாக வகுத்தது. மேற்கூறிய இரண்டும் முதற்றொகுதியில் அமைந்தன. உடம்பு பிடித்தலும் யோகமும், நோய் இன்னதென்று தாமே துணிவதாகக் கூறாது பிற மருத்துவத்துக்குத் துணைநிற்பன என்ற வகையில், இரண்டாம் தொகுதியிற் சேர்ந்தன. ஆயுர்வேதமோ மூன்றாம் தொகுதிக்குத் தள்ளப்பட்டது. இது கீழைநாட்டாரிடைக் கடுங்கண்டனத்தை எழுப்பிற்று. உடம்பு பிடிப்போர் முதலியோர்க்கு விருப்பப் பதிவேடொன்று இயங்கி வருகின்றது.

இரண்டாவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். 2000 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தினால் அம்மாநிலம் துணை மருத்துவர்க்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்றது. ஆனால் ஒவ்வொருவரும் தம் பயிற்சி யாது, கட்டணம் யாது, முறைப்பாடு செய்ய வேண்டிய இடம் யாது என்பவற்றை எழுத்தில் நோயாளிக்குக் காட்டவேண்டும். இங்கே அரசு தகுதியை அளக்கவில்லை. உண்மையைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துகின்றது.

மூன்றாவது யப்பான். அங்கே உடம்பு பிடித்தல் நெடுங்காலமாகப் பார்வையற்றோரின் தொழில். 1947 ஆம் ஆண்டின் சட்டம் அத்தொழிலை அரசின் அனுமதிக்கு உட்படுத்திற்று. பார்வையுடையோர் பெருகி அவர்தம் பிழைப்பைப் பறியாதிருக்க, 1964 ஆம் ஆண்டில் புதிய பயிற்சி நிலையங்களைக் கட்டுப்படுத்தும் விதி சேர்க்கப்பட்டது. அவ்விதி செல்லும் என 2022 ஆம் ஆண்டில் யப்பானின் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஒழுங்குமுறை என்பது நோயாளியைக் காப்பதோடு, எளிய தொழிலாளியையும் காக்கக்கூடும் என்பதை யப்பான் காட்டுகின்றது.

கரையோரத்தின் இன்றைய நிலை

இவ்வுலக நோக்கோடு திருக்கோணமலைக் கரைக்குத் திரும்புதல் தகும். சல்லிக்கு அண்மையிலுள்ள கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. 2008 ஆம் ஆண்டில் அங்கே சித்த மருத்துவப் பிரிவு தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 ஆம் ஆண்டிற் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியதன் பின், தமிழர் வைத்தியம் பல்கலைக்கழகப் படிப்பாகப் பெற்ற அடுத்த பெருந்தளம் இதுவாகும். ஆகவே ஒரே கரையில் மூவகையினர் வாழ்கின்றனர். பட்டம் பெற்றுப் பதிவும் பெற்ற சித்த மருத்துவர் ஒருவகை. பரம்பரைக் கையறிவு உடையராய் முதிர்ந்தோர் மற்றொரு வகை. குறுகிய காலப் பயிற்சியோடு பிரயாணிகளுக்கு எண்ணெய் தேய்ப்போரும் ஆசனம் காட்டுவோரும் மூன்றாம் வகை. ஆயுர்வேதம் என்னும் சொல் பெயர்ப்பலகைகளில் எளிதாக எழுதப்படுகின்றது. பலகையைப் பார்க்கும் அயல்நாட்டார்க்கு இம்மூவகையினரிடை வேறுபாடு தெரிவதில்லை.

வேறுபாடு தெரியாமையால் வரும் தீங்கு சிறிதன்று. கழுத்தைச் சட்டென்று திருப்பி முறித்தலால் மூளைக்குச் செல்லும் நாடிகள் கிழிதல் உண்டு. காலில் இரத்தம் உறைந்திருப்பவரை அழுத்தித் தேய்த்தால் உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் சூடான ஒற்றடம் புண்ணை விளைக்கும். கண்ணழுத்த நோயுடையார் சிரசாசனம் செய்தல் தகாது. இவற்றை அறிந்து, இங்கே கைவைக்கலாகாது என்று சொல்லத் தெரிந்தவரே வல்லுநர்.

பாதிப்புறுவோர் பிரயாணிகள் மட்டுமல்லர். கையறிவு உடைய முதியவர்க்கும் இழப்பு உண்டு. போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலும் கரையூர் மக்கள் வீடுகளோடு ஏடுகளையும் கடிதங்களையும் இழந்தனர். குருவிடம் பயின்றமைக்குக் கடதாசிச் சான்று கேட்டால், குருவும் இல்லை, கடதாசியும் இல்லை என்னும் நிலையினர் உளர். அவர்தம் பிள்ளைகளோ, பெயரும் பதிவும் இல்லாத தொழிலைக் கற்க முன்வரார். இவ்வாறு ஒரு தலைமுறை கழியுமாயின், சட்டம் எவரையும் தடைசெய்யாமலே கலை தானே மறைந்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். மருத்துவமாதின் வரலாறு, பதிவு உயிர்காக்கும் என்பதையும், பதியப்படாதது பெயரிழக்கும் என்பதையும் ஒருங்கே உணர்த்துகின்றது. பாரதத்து வழி, பட்டம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் கையறிவு வெளியே நிற்கும் என்பதைக் காட்டுகின்றது. வேர்ஜீனியாவின் வழக்கோ, அரசு விலகிநின்றால் அளவுகோல் தனியார் கைக்குச் செல்லும் என்பதைப் புலப்படுத்துகின்றது.

இவற்றுக்கிடையே 1961 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வளர்ந்த சிறப்புப் பதிவே செம்மையான வழி. முறிவு நெரிவு வைத்தியரை அவர் அறிந்த அளவுக்கு ஏற்று, அறியாததில் எல்லை வகுத்த அந்நெறியை, உடம்பு பிடிப்போர்க்கும் யோகாசனம் பயிற்றுவோர்க்கும் நீட்டலாம். தொடக்கூடாத நோய்களை இனங்கண்டு மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருத்தலே அவர்க்குரிய பரீட்சையின் முதற்பாடமாதல் வேண்டும். பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும், எழுத்தால் மட்டுமன்றிச் செய்முறையாலும் வாய்மொழியாலும் நிகழ்தல் வேண்டும். கடதாசி இழந்தோர்க்கு ஊராரின் சாட்சியும் கைத்திறன் சோதனையும் போதியன. பயிற்சியையும் எல்லையையும் எழுதி நிலையத்திலே தொங்கவிடும் மினசோட்டா முறையையும் இதனோடு இணைக்கலாம். இருடிகேசத்து நெறியிற் சாதனையாகவே யோகம் பயில்வோரையும் பயிற்றுவோரையும் பதிவேடு தீண்டவேண்டியதில்லை. நோய் தீர்ப்பதாகக் கூறிக் கூலி பெறும்போதே அரசின் கண் அங்கே விழுதல் முறை.

இப்பணியில் அரசுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பங்குண்டு. கோணேசபுரியிற் சித்த மருத்துவம் கற்கும் மாணவர், தம் அயலூர்களில் வாழும் முதியோரின் கைம்முறைகளைக் கண்டு, எழுதி, ஆராய்ந்து வைப்பாராயின், மணிப்பாயிற் கிறீன் காலத்தில் ஒன்றாகாது நின்ற ஏட்டறிவும் கையறிவும் திருக்கோணமலைக் கரையில் ஒன்றுசேர்தல் கூடும். அவ்வாறு சேரும் நாளிற் பதிவேட்டில் ஏறும் பெயர், அப்பெயருக்குரியவர் எதைச் செய்ய வல்லவர் என்பதையும் எங்கே கைநிறுத்த வேண்டியவர் என்பதையும் நோயாளிக்கு உண்மையாகவே கூறுவதாக அமையும்.